கண்ணை மூடிக்கொண்டு பேசியவர்கள்

என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வருடத்துக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் ஆண்டவரிடம் சொன்னார்கள்.

வீடு மந்தைவெளியில், பறக்கும் ரயிலின் சத்தம் கேட்கிற தூரத்தில். கீழ்த்தளத்தில் என் மாமியார், கணவரின் அண்ணன், அவர் மனைவி, மாடியில் நாங்கள். மாமியாரை அத்தை என்றும், கணவரின் அண்ணனை அத்தான் என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். மாமனார் இருந்த காலத்திலிருந்தே அந்த வீட்டில் ஒரு பழக்கம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் கீழே கூடத்தில் உட்கார வேண்டும். ஒரு பாட்டு, ஒரு வேதப்பகுதி, பிறகு ஒவ்வொருவராக ஜெபம். யாருக்கும் விலக்கு கிடையாது.

அவர், நான் மாமா என்று கூப்பிட்டவர், இறந்த விதம்தான் சண்டைக்குக் காரணம். ஒரு சாயங்காலம் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்றார். மத்தியானம் கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டிருந்தார். வாயுவாகத்தான் இருக்கும் என்று அத்தான் இஞ்சிச் சாறு கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, காலையில் டாக்டரிடம் போகலாம் என்றார். மாமாவும் சரியென்று படுத்துக்கொண்டார். விடிந்தபோது அவர் இல்லை. என் கணவர் அன்று வேலை விஷயமாகக் கோயம்புத்தூரில் இருந்தார். வந்து சேர்ந்தவர் கல்லறைத் தோட்டத்தில், மண் போட்ட கையைக் கழுவுவதற்கு முன்பே, சொந்தக்காரர்கள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: “ஒரு போன் பண்ணியிருந்தா நான் ஆம்புலன்ஸ் சொல்லியிருப்பேன். வாயுவாம், வாயு.”

“கூட இருந்து பாத்தவனுக்குத்தான்டா தெரியும்,” என்றார் அத்தான்.

அதோடு பேச்சு நின்றது. ஜெபம் நிற்கவில்லை. அத்தை மட்டும் பிடிவாதமாக இருந்தார். “சாப்பாட்டை வேணா தனித்தனியா சாப்பிட்டுக்கோங்க. ஜெபத்துக்கு ரெண்டு பேரும் வந்துரணும்.”

முதல் சில வாரங்கள் இருவரும் ஒரு வரியோடு முடித்துக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் என் கணவர், “ஆண்டவரே, தக்க சமயத்தில் சரியான முடிவெடுக்கிற ஞானத்தை, அது இல்லாதவர்களுக்குத் தந்தருளும்,” என்றார். மறுநாள் அத்தானின் முறை. “தூரத்தில் இருந்துகொண்டு குற்றம் கண்டுபிடிக்கிறவர்களின் கண்களைத் திறந்தருளும், பிதாவே.” இரண்டுக்கும் அத்தை ஒரே குரலில் ஆமென் சொன்னார்.

அப்படியே வளர்ந்தது. வீட்டு விவகாரங்கள் எல்லாம் பரலோகத்துக்குப் போக ஆரம்பித்தன. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகிற சிலருக்கு ஞாபகசக்தியைத் தர வேண்டும் என்று கீழ்வீட்டிலிருந்து ஒரு விண்ணப்பம். வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்துகிற பெருமையை இந்தக் குடும்பத்தைவிட்டு அகற்ற வேண்டும் என்று மாடியிலிருந்து ஒன்று. நானும் அக்காவும் அரைக்கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அக்காவுக்குச் சிரிப்பு வந்தால் இருமல் மாதிரி ஆக்கிவிடுவார். எனக்கு அந்தத் திறமை இல்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வேன். ஜெபத்தில் உருகிப்போய்விட்டேன் என்று அத்தை நினைத்திருக்கலாம்.

எல்லா நாளும் சிரிப்பு வரவில்லை. ஆபீசிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே என் கணவர், “இன்னிக்கு என்ன ஜெபிக்கப் போறேன்னு பாரு,” என்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். இதற்கிடையே சபையில் இருவருக்கும் நல்ல பேர். தினசரி பயிற்சியில் வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. வீட்டுக்கூட்டங்களில், “ஐயா, நீங்க ஜெபிச்சு முடிங்க,” என்று தேடிவந்து கேட்டார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஜெப வரம் இருக்கிறது என்று எங்கள் போதகரே ஒருமுறை சொன்னார். அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு மத்தியானம். அடையாறில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அக்கா போன் செய்தார்.

“பதறாத. தம்பி இன்னிக்கு லீவு போட்டுட்டு வீட்ல இருந்தாங்கல்ல, நெஞ்சு வலிக்குதுன்னு மாடிப்படியிலயே உக்காந்துட்டாங்க. இவங்கதான் கார்ல கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஆழ்வார்பேட்டை ஆஸ்பத்திரிக்கு. நீ நேரா அங்க போயிரு.”

“அத்தானா கூட்டிட்டுப் போனாங்க?”

“ஆமா. கைலியோட போயிட்டாங்க.”

ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரி என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “லஸ் பக்கம் போனா மெட்ரோ வேல நடந்துகினு கீது, மாட்டிக்குவோம். நான் சுத்திக்கினு போறேன். நீ பயப்படாத குந்தும்மா.”

நான் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தேன். ஆண்டவரே, அவரைக் காப்பாற்றும் என்றுதான் தொடங்கியது. ஆற்றுப் பாலம் ஏறும்போது கவனித்தேன், வார்த்தைகள் வேறு எங்கோ போய்விட்டிருந்தன. ஒருவரின் அலட்சியத்தால் ஏற்கெனவே ஒரு உயிர் போனது உமக்குத் தெரியும். இன்றைக்கும் தாமதமாகியிருந்தால், ஏதாவது ஆகியிருந்தால், நான் விடமாட்டேன். இதை யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? கண்ணுக்குள் தெரிந்தது அத்தானின் முகம். ஆண்டவரைச் சாட்சியாகப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நான் அத்தானோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தேன். பாலத்துக்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர் கிடந்தது. மறுபடி ஜெபிக்க முயன்றேன். ஒன்றும் வரவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவசரப் பிரிவுக்கு வெளியே நீளமான நடைபாதை. அதன் கடைசி நாற்காலியில் அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். கைலி, வீட்டில் போடும் பனியன், தோளில் ஒரு துண்டு. காலில் செருப்பு இல்லை. நான் வந்ததை அவர் பார்க்கவில்லை. மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். போனில் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். கையில் போன் இல்லை.

“என் தம்பிப்பா அவன். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “அப்பாவை நான்தான் விட்டுட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் வாயுன்னு சொன்னேன். நான் பண்ணதுதான் சரின்னு நீங்க காட்டணும்னு தினமும் கேட்டேன்ல, அது வேண்டாம். நான் தப்பாவே இருந்துட்டுப் போறேன். இவனை மட்டும் குடுத்துருங்க.”

தந்தருளும் இல்லை, பிதாவே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திரும்பத் திரும்ப அதே நாலு வாக்கியம். அதற்கு மேல் கேட்பது திருட்டு மாதிரி இருந்தது. நான் பின்வாங்கிப் போய், செருப்புச் சத்தம் கேட்கும்படி மறுபடி நடந்து வந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஈசிஜி எடுத்துட்டாங்க. ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காங்க. நீ உக்காரு. தண்ணி குடிச்சியா?”

ஒரு வருடத்துக்கு மேல் அவர் என்னிடமும் அவ்வளவாகப் பேசியதில்லை. நான் உட்கார்ந்தேன். கேன்டீனில் வாங்கிய தண்ணீரை அவர் கொடுக்க, குடித்தேன். இருவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெகுநேரம் கழித்து ஒரு இளம் பெண் டாக்டர் வந்தார். இதயத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லை, காலையில் வெறும் வயிறு, அதற்கு மேல் எண்ணெய்ப் பலகாரம், அதனால் வந்த வலி என்றார். “வெறும் கேஸ்தான் சார், கவலைப்படாதீங்க.”

அத்தான் அந்தப் பெண்ணின் முன் கைகூப்பிவிட்டார். “அதை மட்டும் சொல்லாதீங்க டாக்டர். இன்னொரு தடவை பாருங்க. ராத்திரி முழுக்க இங்கயே வச்சுப் பாருங்க.”

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எப்படியும் சில மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தப் பரிசோதனை உண்டு என்று சொல்லிவிட்டு எங்களை உள்ளே விட்டார். என் கணவர் மார்பில் வயர்களோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றவரைப் பார்த்தார்.

“கேஸாம்ண்ணா,” என்றார்.

“பேசாமப் படு,” என்றார் அத்தான். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாகத் தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், என்ன மோசமான செய்தியோ என்று எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இரண்டாவது பரிசோதனையும் நன்றாகவே இருந்தது. மறுநாள் மாலை வழக்கம்போலக் கூடத்தில் உட்கார்ந்தோம். பாட்டும் வேதவாசிப்பும் முடிந்து அத்தானின் முறை வந்தது. அவர் வேதப்புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். “எனக்கு வரலைம்மா,” என்றார் கடைசியில். அத்தை தலையசைத்தார். அடுத்தது என் கணவர்.

“ஆண்டவரே,” என்று ஆரம்பித்துவிட்டு அவர் கண்ணைத் திறந்தார். அண்ணனைப் பார்த்தார். “அப்பா போகும்போது நான் கூட இல்ல. அதை என்னால தாங்க முடியல. அதான் எல்லாத்தையும் உன் மேல போட்டேன்.”

அது ஜெபமா, பேச்சா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அத்தை சற்றுத் தாமதித்துத்தான் ஆமென் சொன்னார்.

நடைபாதையில் கேட்டதை அத்தானிடம் நான் இதுவரை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் அத்தையிடம் ஒன்று கேட்டேன். ஒருநாள் இருவரும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, “அவங்க ஒருத்தரையொருத்தர் குத்திக் குத்தி ஜெபிச்சாங்களே, அதுக்கெல்லாம் எப்படி அத்தை ஆமென் சொன்னீங்க?” என்றேன்.

“அவனுங்க சொன்னதுக்கா சொன்னேன்?” என்றார் அத்தை. “ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்திருந்தானுங்கல்ல, அதுக்குச் சொன்னேன்.”

இப்போதும் சண்டை வருகிறது. கண்ணைத் திறந்துகொண்டு, பேரைச் சொல்லி, சத்தமாக நடக்கிறது. கொஞ்ச நேரத்தில் முடிந்தும்விடுகிறது.

எனக்குத்தான் ஜெபம் முன்பைவிடக் கஷ்டமாகிவிட்டது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு சக ஆசிரியையோடு மனத்தாங்கல். தலைமை ஆசிரியை முன்னால் என் வேலையைத் தன்னுடையது போலச் சொல்லிக்கொண்டார். இரவு முழங்கால்படியிட்டு, அவருடைய மனதை மாற்றும் ஆண்டவரே என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் போகக் கூச்சமாக இருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டேன். உண்மையில் எனக்கு என்ன வேண்டும் என்று பார்த்தால், அவர் மனம் மாறுவது இல்லை; எல்லார் முன்னாலும் அவர் தலைகுனிய வேண்டும். அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. இந்த வயதில் என்னை யாரும் கவனிக்காமல் போய்விடுவார்களோ என்கிற பயம். அதை அப்படியே சொன்னேன். சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது. அந்த ஆசிரியையின் பேரையும் சொன்னேன், அவரைப் பற்றி எதுவும் கேட்காமல்.

அவர் இன்னும் மாறவில்லை. நேற்று ஸ்டாஃப் ரூமில் எனக்கும் சேர்த்து டீ ஊற்றிவைத்திருந்தார். ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.