சீவாத பென்சில்

லிப்டின் தரையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, சீவாத பென்சில் ஒன்றை நடுவில் நட்டுக்குத்தாக நிறுத்துகிறார். நாலாவது மாடிக்குப் பொத்தானை அமுக்குகிறார். போய்ச் சேரும்வரை மூச்சுகூட விடுவதில்லை. பென்சில் விழாமல் நின்றால் லிப்ட் பாஸ். பதினோரு வருஷமாகத் தினம் காலையில் இதே கூத்து. லிப்ட் மெக்கானிக் என்று யாரும் சொல்வதில்லை. மருத்துவமனை முழுக்க அவர் பென்சில்காரர்தான்.

"வேகம் யாரை என்ன பண்ணும்? வேகம் கூடறதுகூடப் பரவாயில்ல. அந்தக் கூடறது திடீர்னு மாறுது பாருங்க, அதுதான் ஜெர்க். ஆளை அடிக்கிறது அதுதான்." கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் இந்தப் பாடம் உண்டு. பஸ்ஸில் டிரைவர் பிரேக்கை மிதித்தால் இவர் முகம் கோணிக்கொள்ளும். மனுஷன் நாற்காலியிலிருந்து எழுவதுகூடத் தவணை முறையில்தான் என்பது மனைவியின் கேலி.

அந்த மனைவிக்குத்தான் நேற்று முதுகெலும்பில் ஆபரேஷன். மயக்கம் தெளிந்ததும் அவளை ஸ்ட்ரெச்சரில் மேலே கொண்டுபோனார்கள். நர்ஸ், வார்டு ஆட்கள் இரண்டு பேர், கூடவே இவர். நம்ம லிப்ட், பயப்படாதே என்று பெருமை வேறு அடித்துக்கொண்டார். கிளம்பும்போதே வெடுக்கென்று ஓர் உலுக்கல். "அம்மா" என்று மனைவி அலறிவிட்டாள்.

காலையில்தானே பென்சில் அசையாமல் நின்றது? அவர் நர்ஸைப் பார்த்தார். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"எல்லாருமே இந்த இடத்துல கத்துவாங்கண்ணே. ஆபரேஷன் வலி இருக்கும்ல."

எல்லாருமே. பதினோரு வருஷமும் அவர் சோதித்தது காலி லிப்டை. இவரும் ஒரு பென்சிலும், அவ்வளவுதான் பாரம். உள்ளே இருக்கும் எடையை அளந்து மோட்டாருக்குச் சொல்லும் கருவி தப்பாகச் சொன்னால், பாரம் ஏறும்போதுதான் லிப்ட் உலுக்கும். இது தெரியாத ஆளா அவர்? ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே. எத்தனை பேர் கத்தினார்களோ, நூறோ ஆயிரமோ. ராத்திரி ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் நுழைகிற லிப்ட் அங்கே இது ஒன்றுதான். நாளைக் காலை ஸ்கேனுக்கு அவளை இதில்தான் இறக்க வேண்டும். இன்று மத்தியானம் லிப்டை நிறுத்திப்போட்டு அந்தக் கருவியைச் சரிசெய்தார். பிறகு நர்ஸையும் வார்டு ஆட்களையும் கூப்பிட்டு, காலி ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நிற்கவைத்தார். பென்சில் எங்கேண்ணே என்று ஒருவன் கேட்டான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறி மல்லாந்து படுத்தார். மனைவிக்கு ஆபரேஷன் ஆன அதே இடத்தில், இரண்டு கைகளையும் முதுகுக்கு அடியில் கொடுத்துக்கொண்டார்.

"அமுக்கும்மா" என்றார்.