மாதா என்று நினைத்து எலிசபெத்தம்மாளிடம் வேண்டிய ஏழு நாள்

பிரியமான சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வந்திருக்கிறேன். அதைச் சொன்னால் என் மடத்தனத்தையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

1998 பிப்ரவரி. நாங்கள் அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் குடியிருந்தோம். எனக்குப் பார்சிப்பனியில் கம்ப்யூட்டர் வேலை. என் மனைவி அமலாவுக்கு ஏழாம் மாதம். ஒரு வியாழக்கிழமை காலை அவளுக்கு இரத்த அழுத்தம் கன்னாபின்னாவென்று ஏறியது. மதியத்துக்குள் ஆபரேஷன். பெண் குழந்தை. எடை ஒரு கிலோ நூறு கிராம். ஒரு கிலோவை அதுவரை அரிசியாகத்தான் பார்த்திருந்தேன். பிள்ளையாகப் பார்த்ததில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் குழாய். அவளுக்கு ஒரே ஒரு கோளாறு: மூச்சு விட மறந்துவிடுவாள். உண்மையாகவே மறந்துவிடுவாள். உடனே மெஷின் கத்தும். நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டுவார். பிறகு ஞாபகம் வந்து மூச்சு விடுவாள். மறதி எங்கள் குடும்பச் சொத்து என்று நர்ஸிடம் ஜோக்கடிக்கப் பார்த்தேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து தடவை இப்படி. இது நிற்காவிட்டால் மூளை பாதிக்கப்படலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார் டாக்டர். அமலாவுக்கோ காய்ச்சல். பிள்ளை இருக்கும் அறைக்குள் அவளை விடவில்லை. பெற்றவள் இன்னும் பிள்ளையைத் தொடவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கோயில். உள்ளே போனேன். பக்கப் பீடத்தில் ஓர் அம்மா நின்றார். தலையில் கிரீடம், நீல மேலாடை, மடி நிறைய ரோஜாப்பூ. தூத்துக்குடிக்காரனுக்கு வேறென்ன தோன்றும்? மாதாதான். கீழே ஏதோ வேற்று மொழியில் பெயர் எழுதியிருந்தது. தாய் முகத்துக்குப் பெயர்ப்பலகை எதற்கு என்று எனக்குள் வசனம் வேறு பேசிக்கொண்டேன்.

மறுநாளே நவநாள், அதாவது ஒன்பது நாள் ஜெபம், தொடங்கினேன். தினமும் மதியம் அங்கே முழங்காலிட்டு, சத்தமாகத் தமிழில் ஜெபமாலை. ஐம்பத்து மூன்று தடவை மரியே வாழ்க. பிள்ளை பிழைத்தால் மொட்டை போடுவதாக நேர்ந்தும் கொண்டேன். என் தலையில் அப்போதே பாதிதான் மிச்சம். மாதா அதையெல்லாம் எண்ணிப் பார்க்க மாட்டாள் என்று நம்பினேன்.

ஏழாம் நாள், பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த இலோனா என்ற வயதான பெண்மணி என்னிடம் வந்தார். ஒரு வாரமாக மரியா மரியா என்கிறாயே, யாரைக் கூப்பிடுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பெருமையோடு சிலையைக் காட்டினேன்.

"மகனே, மரியா அதோ அந்தப் பக்கம் இருக்கிறாள். இது எங்கள் எலிசபெத்" என்றார்.

அது ஹங்கேரியிலிருந்து வந்தவர்கள் கட்டிய கோயில். அந்த அம்மா அவர்கள் நாட்டு ராஜகுமாரி, புனித எலிசபெத். இலோனா என்னை உட்காரவைத்துக் கதை சொன்னார். ஏறக்குறைய எண்ணூறு வருஷத்துக்கு முன்னால், அரண்மனையிலிருந்து ஏழைகளுக்கு ரொட்டியை மறைத்து எடுத்துப் போவாராம். ஒரு நாள் அரண்மனைக்காரர்கள் வழிமறித்து மேலாடையைத் திறந்து பார்த்தால், ரொட்டி இருந்த இடத்தில் ரோஜா. இருபது வயதில் விதவை. கையில் மூன்று பிள்ளைகள். அப்புறம் ஒரு மருத்துவமனை கட்டி, யாரும் தொடத் தயங்கிய நோயாளிகளைத் தம் கையாலேயே கழுவித் துடைத்தார். இருபத்து நான்கு வயதில் இறந்துபோனார். அந்த வயதில் எனக்கு என் சட்டையைத் துவைக்கக்கூடத் தெரியாது.

கதை நல்ல கதை. ஆனால் பிள்ளை சாகக் கிடக்கிறாள், நான் ஏழு நாளாக ஒரு ஹங்கேரி ராஜகுமாரியிடம், வேறொருவர் பெயரைச் சொல்லி, தூத்துக்குடித் தமிழில் மன்றாடியிருக்கிறேன். நவநாள் செல்லுமா, செல்லாதா? ஓடிப்போய் அமலாவிடம் சொன்னேன். அவள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"நல்லா இருக்கு போங்க. யாருகிட்ட பேசுதோம்னு தெரியாமலேயா ஏழு நாளா பேசிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். பிறகு சிரிப்பு அடங்கிச் சொன்னாள்: "மாத்தாதீங்க. அந்தம்மாவும் மூணு பெத்தவங்க, ஆஸ்பத்திரி நடத்துனவங்க. அவங்களே பாத்துக்கிடட்டும். மாதா ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டா."

மிச்ச இரண்டு நாளும் சரியான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் கோயிலிலிருந்து திரும்பியதும் நர்ஸ் என்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். எனக்கும் ஏதோ நோய் என்று நினைத்துவிட்டேன். இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல், ஆகவே அப்பாவின் வெறும் நெஞ்சில் பிள்ளையைப் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். என் நெஞ்சு கரடி நெஞ்சு. பிள்ளை பயந்துவிடுவாளோ என்றுகூட யோசித்தேன். குழாயோடு அவளை என்மேல் கிடத்தினார்கள். ஒரு புறா உட்கார்ந்த கனம். எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

நர்ஸ் அதட்டினார்: "நீ மூச்சு விடு. நீ விட்டால்தான் அவளும் விடுவாள்."

விட்டேன். அவளும் விட்டாள். மறுபடி விட்டேன். மறுபடி விட்டாள். ஒரு மணி நேரம் மெஷின் கத்தவே இல்லை! மறுநாள் இரண்டே தடவை. அமலாவுக்குக் காய்ச்சல் இறங்கி, அவளும் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் ஒரு தடவைகூட இல்லை. ஆறு வாரத்தில் வீட்டுக்கு வந்தோம். எங்களுக்காகக் கேட்டவர் எலிசபெத்தம்மாள், கொடுத்தவர் ஆண்டவர். அவளுக்கு எலிசபெத் மேரி என்று பெயர் வைத்தோம். இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் வேண்டாமே.

நேர்ந்தபடி மொட்டை போட்டேன். ஆபீசில் எனக்குப் புற்றுநோய் என்றே முடிவு கட்டினார்கள். சூப் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு வாரம் யாரும் வேலை கொடுக்கவில்லை. அதையும் அருளாக ஏற்றுக்கொண்டேன். எட்டாம் நாள் மனசு உறுத்தி உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அதுவரை நான் பூசையில் கடைசி பெஞ்சு, வெளியேறுவதில் முதல் ஆள். இப்போது ஒவ்வொரு நவம்பர் 17, அம்மாளின் திருநாளன்று, வீடில்லாதவர்கள் தங்கும் இடத்தில் நம் ஊர் அசனம் போடுகிறோம். பெரிய அண்டா, சோறு, கறிக்குழம்பு, எல்லோருக்கும் ஒரே பந்தி. முதல் வருஷம் காரம் கூடிப்போய், ஒருவர் நாலு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுசோறு கேட்டார். நான் பரிமாறிவிட்டு ஓரமாக நின்றேன். காலில் புண்ணோடு தனியாக இருந்த ஒருவர் பக்கத்தில் அமலா என்னை உட்காரவைத்தாள். அன்றிலிருந்து அவர்களோடுதான் சாப்பிடுகிறேன்.

இப்போது 2001. மூச்சு விட மறந்தவள் மூச்சு விடாமல் பேசுகிறாள், அத்தனையும் இங்கிலீஷில்.

உங்கள் வீட்டில் யாராவது பிழைப்பார்களா என்று காத்திருக்கிறீர்களா? எனக்கு ஜெபிக்கத் தெரியாதே என்று தயங்காதீர்கள். என்னைவிட மோசமாக யாரும் ஜெபித்திருக்க முடியாது. ஆள் மாறினாலும் பரவாயில்லை, பேச்சு குழறினாலும் பரவாயில்லை. இன்றைக்கே கூப்பிடுங்கள். அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.