வெள்ளை லேஞ்சி கட்டிய கார்

இது நடந்தது. சந்தேகம் இருந்தால் பதுளை கார் ஸ்டாண்டில் ஜௌபர் என்று கேட்டுப் பாருங்கள், முன்பல் மூன்று இல்லாத மனிதரைக் காட்டுவார்கள். பேயாவது பிசாசாவது என்று பல்லை இளிக்கிறவர்கள் பனி இறங்கும் நேரத்தில் பெரகல ஏற்றத்தில் ஒரு தடவை போய்விட்டு வந்து, அப்புறம் என்னோடு வாதாடட்டும்.

1981, மழைக்காலம். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த நளீரா அன்று காலை கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். அவளுடைய அண்ணன், 'நானா' என்று அவள் கூப்பிடும் அஸீஸ், ஜௌபரின் பழைய ஒஸ்டின் காரை வாடகைக்குப் பிடித்து வந்து காத்திருந்தார். சாமான் ஏற்ற மர்ஸூக்கின் வேனும் கூட வந்திருந்தது.

குவைத்துக்காரியைக் கூட்டிவரும் பயணம் என்றால் கல்யாண வீடு தோற்றுப்போகும். பாட்டும் சிரிப்பும் வழிநெடுகத் தீனியும்தான். அன்றைக்கு அதெல்லாம் இல்லை. நளீராவின் நாலு வயது மகள் ஸகீனா பதுளை ஆஸ்பத்திரியில் மூளைக் காய்ச்சலோடு கிடந்தாள். தாயைக் கூப்பிட்டுவிடுங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

"சாமான் வெளிய வர நேரமாகும். நான் மர்ஸூக்கோட பின்னால வாரேன்," என்றார் அஸீஸ். "நீ முந்திப் போ புள்ள. குழந்தைட முகத்தப் பாரு."

கார் பறந்தது. ஆனால் இரத்தினபுரியைத் தாண்டியதும் முன்னால் லொறிக்கு மேல் லொறி. ஒருத்தனும் வழிவிடவில்லை. ஹோர்ன் அடித்தே ஜௌபரின் கை ஓய்ந்துபோனது. பின் சீட்டிலிருந்து நளீரா விம்முவது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜௌபர் சட்டென்று காரை ஓரம் கட்டினார். முகம் துடைக்கச் சட்டைப் பையில் வைத்திருந்த வெள்ளை லேஞ்சியை எடுத்து, ஏரியல் கம்பியில் இறுக்கிக் கட்டினார். வெள்ளை கட்டிய வண்டி சாவு வண்டி. எவ்வளவு திமிர் பிடித்த லொறிக்காரனும் அதற்கு ஒதுங்குவான்.

நளீரா பதறிப்போனாள். "என்ன ஜௌபர் நானா இது? என்ட புள்ள உசிரோட இருக்கு!"

"வழி கெடைக்கத்தான் தங்கச்சி. ஊருக்குள்ள போகமுந்தி கழட்டிருவேன்."

வழி கிடைத்தது. லொறிகள் ஒதுங்கின. பலாங்கொடையில் பொலிஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். நல்ல யோசனைதான் என்று ஜௌபருக்குத் தன் மேலேயே ஒரு மெச்சுதல்கூட வந்தது. பாவி மனுஷன்!

ஹல்துமுல்லை வரை நல்ல வெயில். பெரகல ஏற்றத்தில் கார் திரும்பியபோது மூன்றேகால் மணி. ஒரு வளைவு... அதற்குள் பனி கண்ணாடியை மூடிவிட்டது.

தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் ஆள் சத்தமே இல்லை. ஒரு காகம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் தன் கார் எஞ்சினின் சத்தமும் ஜௌபருக்குக் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டது.

டண்... டண்... டண்...

தப்புச் சத்தம். தோட்டத்தில் பிணம் எடுக்கும்போது அடிக்கிற அடி.

பிரேக்கை மிதித்தார்.

ரோட்டை அடைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர். தலையில் கம்பளி. நடுவில் நாலு பேர் தோளில் ஒரு பாடை... வெறும் பாடை.

முன்னால் நின்ற கிழவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"பொணத்த எறக்குங்க."

"பொணம் இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"வெள்ள கட்டியிருக்கு."

"அது சும்மா..."

"சும்மாவா? எம்புட்டு காலமா நிக்கிறோம். எறக்குங்கய்யா!"

அப்போதுதான் ஜௌபர் கிழவரின் நெஞ்சைப் பார்த்தார். அது உள்ளே போயிருந்தது. கம்பளி அந்தக் குழியில் ஒட்டியிருந்தது. குறுக்கே டயர்த் தடம்.

கண்ணாடி சிதறியது.

ஒரு கை அவர் பிடரியைப் பிடித்து ஸ்டியரிங்கில் மோதியது. மறுபடியும். மறுபடியும். வாயெல்லாம் இரத்தம். பல் மடியில் விழுந்தது.

பின் கதவு பிய்ந்துகொண்டு திறந்தது.

நளீராவை முடியைப் பிடித்து இழுத்தார்கள். ரோட்டில் தரதரவென்று. பாடையில் போட்டார்கள். அவள் எழும்ப எழும்ப அடித்தார்கள். மூச்சிருக்கிற உடம்பு பிணமாகும்வரை அடிக்கிற அடி அது.

கயிற்றை எடுத்தான் ஒருத்தன்.

"நான் மையத்தில்ல, பொணமில்ல!" நளீராவின் குரல் கிழிந்தது. "என்ட புள்ள பாத்துக்கிட்டிருக்கு! மையத்து... மையத்து பின்னால வார வேன்ல இருக்கு!"

தப்பு நின்றது.

எல்லாக் கைகளும் நின்றன.

கிழவர் ஏரியலில் இருந்த லேஞ்சியை அவிழ்த்தார். நிதானமாக.

"அப்ப சரி. நீங்க போங்க."

ஜௌபர் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு எப்படி ஓட்டினாரோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். ஹப்புத்தளையில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் நளீரா ஓடினாள், நொண்டிக்கொண்டே. ஸகீனா கண்ணைத் திறந்து "உம்மா" என்றாள். காய்ச்சல் மத்தியானத்திலிருந்தே இறங்கத் தொடங்கிவிட்டதாம். அவள் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் வார்டே அழுதது. ஜௌபரும் இரத்த வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி முடியும்போது மர்ஸூக்கின் வேன் வந்து நின்றது.

அதன் ஏரியலில் ஜௌபரின் லேஞ்சி.

மர்ஸூக் கொட்டாவி விட்டபடி இறங்கினான். "அஸீஸ் நானா பின்னால நல்ல தூக்கம். எழுப்புங்க."

கதவைத் திறந்தார்கள்.

அஸீஸின் உடம்பில் முறியாத எலும்பு இல்லை. கையும் காலும் கயிற்றால் கட்டியிருந்தது.

வேனில் ஒரு கீறல்கூட இல்லை. மர்ஸூக் தலையில் அடித்துக்கொண்டு கத்தினான். "நான் எங்கயும் நிப்பாட்டல்ல! ஒரு சத்தம் கேக்கல்ல! பெரகலையில பனிகூட இல்ல நானா!"

பெரகலையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த நல்லையா பிறகு விஷயத்தைச் சொன்னார். பல வருஷத்துக்கு முந்தி கொழும்பில் செத்துப்போன தோட்டத்து ஆள் ஒருவரின் பிணத்தை வாங்கிப்போக, சனம் பாடையோடு அந்த வளைவில் காத்து நின்றிருக்கிறது. வெள்ளை கட்டி, பிணத்தை ஏற்றிக்கொண்டு பனியில் வந்த லொறி அத்தனை பேரையும் அரைத்துக்கொண்டு, பிணத்தோடு பள்ளத்தில் போய்விட்டது. பிணம் கிடைக்கவே இல்லை. மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் அந்த வளைவு வரும்முன் வெள்ளையை அவிழ்த்துவிடுவார்களாம். பதுளை டவுன்கார ஜௌபருக்கு அதை யார் சொன்னார்கள்?

இதெல்லாம்கூடப் போகட்டும். மரண விசாரணையில் டாக்டர் சொன்னதைத்தான் ஜௌபரால் இன்றுவரை சொல்லி முடிக்க முடிவதில்லை. அடியினால் அஸீஸ் சாகவில்லையாம். அவர் வாய் நிறையப் பச்சரிசி. தோட்டத்துச் சனம் பிணத்துக்குப் போடுகிற வாய்க்கரிசி. அது மூச்சுக்குழாய்க்குள்ளும் ஆழமாக இறங்கி அடைத்திருந்தது.

செத்த உடம்பு அரிசியை உள்ளே இழுக்காது என்றார் டாக்டர்.

நளீரா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல ஜௌபரின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அவரும் சொல்லியிருப்பாருதானே, ஜௌபர் நானா... நான் மையத்தில்லன்னு?"