நான் பொறுக்கிப் போட்ட அரிசி

எனக்கு எழுபத்தி மூணு வயசு. பெத்தது அஞ்சு, நாத்தனார் விட்டுட்டுப் போனது ரெண்டு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஒருத்தர் சோத்துலயும் ஒரு கல்லு கடிபட்டது கிடையாது. நான் புடைக்கிற புடை அப்படி.

போன வருஷம் மக வயித்துப் பேத்தி பிரசவத்துக்குத் திண்டிவனத்துலேருந்து வந்தா. அப்போ ஏழாம் மாசம். ஊருக்கு வர்ற நர்ஸம்மா அவ விரல்ல குத்திப் பார்த்துட்டு, "ரத்தம் எட்டுதான் இருக்கு. மாத்திரை போட்டு, நல்லா சாப்பிடணும். ஏறலைன்னா விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில சேர்த்து ரத்தம் ஏத்தணும்"னு சொல்லிட்டாங்க. பேத்தி முகம் செத்துப்போச்சு. ஊசியைப் பார்த்தாலே அலறுறவ அவ.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. என் வீட்டுச் சோத்துல குறையா? ரேஷன் அரிசியில கொஞ்சம் அரிசி மட்டும் வேற நிறத்துல மங்கலா வருது, தண்ணியில மிதக்குது. அது பிளாஸ்டிக்குன்னு கூட்டேரிப்பட்டு மளிகைக் கடையில பேசிக்கினாங்க. கண்ணாடியைப் போட்டுக்கினு ஒண்ணு விடாம பொறுக்கிக் கோழிக்கு வீசினேன்.

"போதும் ஆயா, இடுப்பு புடிச்சிக்கப் போவுது."

"சும்மா உட்காருடி. பிளாஸ்டிக்கைத் தின்னுட்டா புள்ளை பெக்கப் போற?"

அடுத்த மாசமும் ரத்தம் அதே எட்டு. நான் விடுவேனா? நர்ஸம்மா கிட்ட முறத்தை நீட்டி, "என்னா சுத்தம் பாருங்க"ன்னேன். அவங்க முறத்தைப் பார்த்தாங்க, கோழிங்களைப் பார்த்தாங்க.

"ஆயா, அது பிளாஸ்டிக் இல்ல. அரிசி மாவுல இரும்புச் சத்து, வைட்டமினு எல்லாம் சேர்த்து, அரிசி மாதிரியே பண்ணி கலந்து அனுப்புறாங்க. அதைப் போய்க் கோழிக்குப் போட்டிருக்கீங்களே!"

பேத்தி வயிறு குலுங்கச் சிரிச்சா. "அதான் சேவலு நாயைத் துரத்துது!"

"நீ சிரிக்காத. மாத்திரை அட்டை எங்கே?"ன்னாங்க நர்ஸம்மா.

தலகாணிக்கு அடியிலேருந்து எடுத்துக்கினு வந்தா. நாலுதான் காலி. குமட்டுதாம்! இப்போ நான் சிரிச்சேன்.

அன்னையிலேருந்து ஒரு ஒப்பந்தம். என் எதிர்லதான் அவ மாத்திரை போடணும், அவ எதிர்லதான் நான் அரிசி களையணும். மங்கல் அரிசியைக் கண்டா என் விரலு தானா ஓடும். "ஆயா, கை!"ன்னு அவ அதட்டுவா.

ஒன்பதாம் மாசம் ரத்தம் பத்தைத் தொட்டுடுச்சு. விழுப்புரம் போவலை. பக்கத்துல திண்டிவனம் ஆஸ்பத்திரியிலயே பொண்ணு பொறந்தா. மாத்திரையாலதான் ஏறிச்சுன்னு அவ சொல்றா. என் சோத்தாலன்னு நான் சொல்றேன்.

எழுத்துக் கூட்டிக் கூட்டி இவ்வளவு எழுதிட்டேன். இந்தாடி, கொழந்தையை என் மடியில குடுத்துட்டு இதைச் சத்தமா வாசி. நீ மாத்திரையை ஒளிச்ச இடம் வந்தா முழுங்காம வாசி.