முதலையும் வரல, சிறுத்தையும் வரல

டிவிக்காரங்களுக்கு வேன் ஓட்டுற தொழில்ல ஒரு விசேஷம் இருக்கு: விளம்பரத்துல உறுமுற மிருகத்த நேர்ல பாக்குற தொல்லை ஒருநாளும் வராது. ஞாயித்துக்கிழமை வேலையெல்லாம் போட்டுட்டு, "இதோ வருது"ன்னு டிவி முன்னால குந்தியிருந்து ஏமாந்த சனங்களே, உங்களுக்காவது கையில ரிமோட் இருந்துச்சு. கண்டியில இருந்து அந்த வீரரையும் அவரோட சாமான் சட்டியையும் ஏத்திக்கிட்டு காடு மேடெல்லாம் அலைஞ்ச எனக்கு அதுவும் இல்ல.

குண்டசாலை முதலை

"மகாவலி முதலையோடு மல்லுக்கட்டு!"ன்னு நாள் தவறாம விளம்பரம் போட்டாங்க. வீரர்னா நிகழ்ச்சி நடத்துறவர்தான். ஜிம்முக்குப் போய் வளத்த உடம்பு. குண்டசாலைப் பக்கம் ஆத்தங்கரையில காலையிலயே வந்து இறங்குனோம். நெஞ்சுக்கு ஒரு கவசம், முழங்காலுக்கு ஒரு கவசம்னு அவர் மாட்டுறதையே மத்தியானம் வரைக்கும் படம் புடிச்சாங்க.

முதலை வரல. ஒரு கபரகொய்யா வந்துச்சு. தண்ணிக்குள்ள திரியிற பெரிய உடும்பு, அவ்வளவுதான். எங்க சோத்துப் பார்சல் ஒன்ன கவ்விக்கிட்டு அது பாட்டுக்கு ஆத்துல இறங்கிப் போயிருச்சு. வீரர் அலறியடிச்சுக்கிட்டு வேன் கூரை மேல ஏறிட்டாரு, கவசத்தோட! சத்தம் கேட்டு பக்கத்து சாப்பாட்டுக் கடைக்காரர், முஸ்லிம் நானா ஒருத்தர், ஓடி வந்தாரு. ஆத்தப் பாத்தாரு, கூரையப் பாத்தாரு. "இதுக்கா தம்பி இந்தக் கத்து? எங்கட கடைக் கோழி எலும்பத் தின்டு வளந்தது அது, ஒன்டும் செய்யாது."

கெலிஓயா சலூன்

அந்த நிகழ்ச்சி ஓடுன அன்னைக்கு நான் கெலிஓயாவுல ஒரு சலூன்ல, பாதி தாடி வழிச்ச நிலையில கதிரையில இருந்தேன். சலூன்காரர் கத்திய கையில புடிச்சபடி டிவியையே பாத்துக்கிட்டு நின்னுட்டாரு. இடைவேளைக்குப் பிறகு, இடைவேளைக்குப் பிறகுன்னே இழுத்தாங்க. கடைசியில தண்ணியில ஒரு சுழிப்பக் காட்டி, அதச் சுத்தி சிவப்புல வட்டம் போட்டு, "முதலை இங்கே இருந்திருக்கலாம்"னு முடிச்சுட்டாங்க. சோப்பு காஞ்சு என் மூஞ்சி வறவறன்னு இழுக்குது. அந்த வேன ஓட்டுனது நான்தான்னு சலூன்காரருக்குத் தெரியும். டிவிய அணைச்சுட்டு என் பக்கம் திரும்புனாரு. "வராதுன்னு தெரிஞ்சே வாயத் தொறக்காம இருந்தீங்க பாருங்க அண்ணே, அதுதான் எனக்கு வயிறு எரியுது."

அக்காவோட மலை

என் அக்கா புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறவ. அவங்க மலைக்குப் பக்கத்து மலைய தோட்டம் கைவிட்டு, தேயிலையெல்லாம் காடாப் போயிருச்சு. அதுக்குள்ள சிறுத்தை. தொழிலாளிங்க குடியிருக்குற லயத்து நாய்களத் தூக்கிருச்சு. "காட்ட வெட்டுங்க"ன்னு பொம்பளைங்க கெஞ்சாத நாளில்ல, தோட்ட மேனேஜர் தொரை காதுல போட்டுக்கல. "டிவியில காட்டுனா வெட்டுவாங்கடா தம்பி"ன்னு அக்கா போன்ல சொன்னா. நானும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கிட்ட சொன்னேன். மனுசன் துள்ளிக் குதிச்சாரு.

தேயிலைக்கு நடுவுல இரும்புக் கூடு. கூட்டுக்குள்ள வீரர். அவர் பக்கத்துல ஆட்டுத் தொடை. எங்க சனம் தகரத்தத் தட்டி, கூச்சல் போட்டுத்தான் மலைக்குள்ள இறங்கும். சத்தம் கேட்டா சிறுத்தை ஒதுங்கிப் போயிரும். அன்னைக்கு தயாரிப்பாளர் சத்தமே போடக்கூடாதுன்னுட்டாரு. சத்தம் போட்டா சிறுத்தை வராதாம்! காடு டிவியில வரணுமேங்கிற ஒரே ஆசையில, பொம்பளைங்க வாய மூடிக்கிட்டு நடுங்கி நடுங்கி கொழுந்து எடுத்தாங்க. சாயங்காலம் அந்தக் காட்டப் பத்தி கேமராவுக்கு முன்னால அழுது பேசுனாங்க.

சிறுத்தை வரல. நிகழ்ச்சியில பொம்பளைங்க பேசுனதுல ஒரு சொல்லுகூட வரல. வீரரோட வேர்த்த மூஞ்சி மட்டும் வந்துச்சு. "சிறுத்தை இந்தப் பகுதியை விட்டே போய்விட்டது"ன்னு அவரே தீர்ப்பும் சொல்லிட்டாரு. அடுத்த நாள் பொம்பளைங்க திரும்பவும் போய் தொரைகிட்ட நின்னாங்க. தொரை சிரிச்சாராம். "டிவிக்காரன் இறைச்சியோட நாள் முழுக்க குந்தியிருந்தும் வரல்ல. இல்லாத சிறுத்தைக்கு நான் ஏன் காடு வெட்டணும்?"

வார்டுக்கு வந்த போன்

கொஞ்ச நாள்தான். தகரம் தட்டிக்கிட்டுத்தான் இறங்கியிருக்காங்க; அப்படியும் அந்தக் காட்டுக்குள்ள இருந்து சிறுத்தை பாஞ்சு அக்காவ அமுக்கிருச்சு. கூட இருந்தவங்க தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியத் தூக்கிக்கிட்டு கத்துனதால உயிர் தப்புச்சு. தோளும் வலது கையும் கிழிஞ்சு போச்சு. இனி அந்தக் கையால கொழுந்து எடுக்கவே முடியாதுன்னு கண்டி ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அக்கா கட்டுப் போட்ட கையவே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா.

அந்த நேரம் பாத்து தயாரிப்பாளர் போன் எடுத்தாரு. சுகம் விசாரிக்கத்தான் எடுக்குறாருன்னு நெனச்சேன். "கேள்விப்பட்டேன் அண்ணே, ரொம்ப வருத்தம். அதே மலைதானா? ஐயோ, அந்த இரும்புக் கூட்ட இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே வச்சிருந்திருக்கலாமே!"

மிருகம் வந்தா அது நிகழ்ச்சி, வராட்டி அதுவும் நிகழ்ச்சி, கொழுந்து எடுக்குறவ மேல பாஞ்சா மட்டும் அது கேமரா இல்லாத நேரத்துல வீணாப் போன ஒரு பாய்ச்சல்.