சத்தம் தாங்காத கொம்பியூட்டர்

எங்கள் மாமாவைப்போல் வாய் கூசாமல் பொய் சொல்லும் மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நன்றியோடுதான் சொல்கிறேன்.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான நறுவிலிக்குளத்துக்குத் திரும்பி, தகரக் கொட்டிலுக்கு மின்சாரமும் கிடைத்த புதிது. அம்மாவின் தம்பியான மாமா, ஏதோ அரசாங்கக் கந்தோரில் கழித்துவிட்ட கொம்பியூட்டர் ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். அதைப் போட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு கிழடு. புது விளையாட்டு எதுவும் ஓடாது. பழைய விளையாட்டுகளை ஓட்டும் எஞ்சின் ஒன்றை, முகம் தெரியாத ஆட்கள் எங்கேயோ இருந்து எழுதி, யாரும் பிரித்துத் திருத்தலாம் என்று இலவசமாக விட்டிருந்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். மாமா அதைப் போட்டு, படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, பெட்டியின் மூடியைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பிவைத்ததும், துவக்கோடு ஒருவன் குகைக்குள் ஓடத் தொடங்கினான். எனக்குப் பத்து வயது. சொர்க்கம்தான் போங்கள்!

ஒரே ஒரு குறை. அவன் சுட்டால் வெடி கேட்காது, எங்கள் ஆடு கத்தும். மாமா அதன் குரலைத் தன் போனில் பிடித்து வெடியின் இடத்தில் போட்டிருந்தார். மன்னாரில் பெரியம்மா வீட்டில் அதே விளையாட்டு டமார் டமார் என்று அதிர்ந்ததைக் கேட்டவள் நான்.

"வெடிச் சத்தம் இந்தக் கிழட்டு மெசினுக்குத் தாங்காது பிள்ளை. ஆடெண்டால் பாரம் குறைவு," என்றார். நம்பினேன். இன்று அதே எஞ்சினைத் திறந்து வேலை செய்கிறேன். அந்த வெடிச் சத்தத்தைவிட ஆட்டின் கத்தலுக்குத்தான் மெசினில் இடம் அதிகம் வேண்டும். வெடிச் சத்தம் தாங்காதவர் அம்மா. றோட்டில் டயர் வெடித்தாலும் என்னை இழுத்துப்போட்டு மேலே படுத்துவிடுவார்.

அப்போது என் கவலை வேறு. வகுப்புப் பெட்டைகள் மூன்று பேரிடம் விளையாட்டைப்பற்றி அளந்துவிட்டிருந்தேன். சனிக்கிழமை பார்க்க வருகிறார்கள். ஆடு கத்தினால் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது. ஒரு நாளைக்கு மட்டும் வெடியைப் போடுங்கோ என்று அழுதுகூடப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

சனிக்கிழமை முதல் பூதத்தைச் சுட்டேன். "மே!" பெட்டைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். அதோடு விட்டதா? வெளியே கட்டியிருந்த ஆடு, தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பதிலுக்குக் கத்தியது. நான் சுடச் சுட அதுவும் விடவில்லை.

குசினியிலிருந்து அம்மா வந்தார். "என்னடி, ஆட்டை உள்ளுக்கோ கட்டி வைச்சிருக்கிறியள்?" என்றவர், சங்கதி விளங்கியதும் சிரிக்கத் தொடங்கினார். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. முகாமுக்குப் போன நாளிலிருந்து அம்மா அப்படிச் சிரித்ததே இல்லை. "தள்ளு, நானும் ஒருக்கா சுடுறன்," என்று கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

எல்லோரும் போனதும், வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமாவில் பாய்ந்தேன். "எல்லாம் உங்களாலைதான்! அம்மாகூட என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டா!"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஓம் பிள்ளை, பிழை என்னிலதான்."

பெரிய மனிதரை அழவைத்துவிட்டேனே என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அவரை மன்னித்துவிட்டேன்.