மாவு கலக்காத டீ

அந்த முதியோர் இல்லத்தில் ஆயா வேலை பார்த்த அவளுக்கு மிளகாய் என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவள் கோபித்துக்கொள்வதில்லை, அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில்தான் குறியாக இருப்பாள். இதற்கு முன் பார்த்த இரண்டு வேலைகளும் வாயால்தான் போயின. "இந்த இடமாவது நிலைக்குமா?" என்று தையற்காரப் புருஷன் அவ்வப்போது கேட்பான். "தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டே?" என்பாள்.

அவள் பொறுப்பில் இருந்தவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். பக்கவாதம் வந்ததில் பேச்சு குழறியது, விழுங்குவதும் சிரமமாகிவிட்டது. தண்ணீரோ டீயோ, அதற்கென்றே விற்கும் மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னது சரிதான். ஆனால், அடக் கொடுமையே, அது டீயா? சுவரொட்டி ஒட்டுகிற பசை! பெரியவர் ஒரு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். குடிப்பதே குறைந்து உதடு வெடித்துக் கிடந்தது.

"ஒரே ஒரு தடவை... நல்ல டீ," என்று அவளிடம் கெஞ்சினார். ஒரு பஸ் கூட்டத்தையே அதட்டிய மனிதர் ஒரு டம்ளர் டீக்குக் கெஞ்சுகிறாரே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்துய்யா. தெரியுமில்ல?"

"தெரியும். புத்தி... நல்லாத்தான் இருக்கு."

சமையல்காரி அவள் காதில் ஓதினாள். "யாருக்கும் தெரியாம ரெண்டு வாய் குடுத்துடுக்கா."

"ஒளிச்சுக் குடிக்க அவர் என்ன திருடனா? எல்லார் முன்னாடியும்தான் குடுப்பேன்."

பெரியவரின் மகள் வந்த நாளில், டாக்டரும் மேலாளரும் அறையில் இருக்கும்போதே, மாவு கலக்காத டீயோடு உள்ளே போய், பெரியவர் கேட்பது இதைத்தான் என்று விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?" என்று மேலாளர் எகிறினார்.

"வேணும் சார். அதுக்காக இவர் வாயைப் பூட்ட மாட்டேன்."

மகள் அழுதுவிட்டாள். "அப்பா மூச்சு அடைச்சுப் போறதை நான் கண்ணால பாக்கணுமா?"

நியாயமான பயம். மிளகாய் மகள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா. ஆனா குடிக்கப்போறது அவரு. நாம நமக்குள்ளேயே பேசிக்கிட்டிருக்கோம். அவரைக் கேளுங்க."

டாக்டர் பெரியவரிடம் குனிந்து ஆபத்தை மறுபடி விளக்கினார். பெரியவர் தலையை அசைத்தார், டம்ளரை நோக்கிக் கையை நீட்டினார்.

"தெளிவாத்தான் இருக்கார். முடிவு அவரோடது," என்றார் டாக்டர். "நிமிர்த்தி உட்கார வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க."

ஒரு மிடறு உள்ளே போனது. உடனே இருமல் பிடித்துக்கொண்டது, முகம் சிவந்தது. மகள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்தாள். மிளகாய் அவர் முதுகைத் தாங்கியபடி நின்றாள், டம்ளரை மட்டும் கீழே வைக்கவில்லை.

இருமல் அடங்கியது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு யாரையும் பார்க்காமல், அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் வேணுமாப்பா?"

"வேணும்," என்றார் பெரியவர். "சக்கரை பத்தல."